வெட்னஸ்டே என்று சொன்னவள்

எடமலைப்பட்டி புதூர், திருச்சி
9 ஜூலை 2023

அன்புத் தர்ஷினி,

நீ நலமாக இருப்பதாக உன் அம்மா சொன்னார்கள். அதை நம்பித்தான் எழுதுகிறேன். நீயாக எழுதி இரண்டு மாதம் ஆகிறது. ஹைதராபாத்தில் பேனாவுக்குப் பஞ்சமா? வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புவதெல்லாம் கடிதத்தில் சேராது. கல்லூரி விடுமுறைகளில் தொட்டியத்தில் நானும் ஸ்ரீரங்கத்தில் நீயும் உட்கார்ந்துகொண்டு எழுதினோமே, அந்தப் பழக்கத்தை இன்னும் காப்பாற்றுகிறவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

உன் ஆராய்ச்சிக்குக் கேட்ட குரல்பதிவை நேற்று அனுப்பிவிட்டேன். எங்கள் பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறையில், ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்துக் கொட்டக் கொட்ட உட்கார்ந்து வாசித்தேன். கோம்ப், டெப்ட், ரிசீப்ட், வெட்னஸ்டே. சீப்புக்கும் கடனுக்கும் புதன்கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து யோசித்து விட்டுவிட்டேன். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு எல்லாம் சம்பந்தம்தான்.

கேட்டுச் சொல்லும் பகுதிதான் எனக்குப் பிடித்தது. திரையில் ஒரு வார்த்தை வரும், காதில் அதே வார்த்தை ஒலிக்கும், அடுத்தடுத்து வரும் இரண்டில் எது நீளமாக ஒலிக்கிறது என்று சொல்ல வேண்டும். 'முடித்துவிடு' என்று பொருள்படும் ஃபினிஷ் வந்தது. பிறகு பின்லாந்துக்காரர்களைக் குறிக்கும் ஃபின்னிஷ் வந்தது. இரண்டாவதில் அந்த 'ன்' அழுத்தமாக, நீளமாக இருந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பதினைந்து வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது கூடத் தெரியாதா!

பெயர் எங்கும் வராது என்று எழுதியிருந்த சம்மதத் தாளில் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறேன். வந்தால்தான் என்ன, என் பெயரை யார் தேடப்போகிறார்கள்!

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மண்டபம் ரோட்டில் இறங்கும்போதே மாடி ஜன்னலிலிருந்து கையாட்டினார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து போட ஆளில்லை என்று குறை. "அவ படிச்சுப் படிச்சு என்னத்தக் கண்டுபிடிக்கப் போறா, நீயாவது சொல்லேன்" என்றார்கள். சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஆசீரும் உன்னை விசாரித்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை அதிகம். பதில் எழுது. பூப்படம் வேண்டாம்.

உன்
பிரான்சி


ஹைதராபாத்
27 ஜூலை 2023

என் பிரான்சிக்கு,

திட்டு கிடைத்தது. ஆசையாக மூன்று முறை வாசித்தேன். அம்மாவுக்கு மருந்து போட பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசியிருக்கிறேன். நீ போய்ப் பார்ப்பதால்தான் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன்.

உன் பதிவு போல இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை. அத்தனை தெளிவு! என் வழிகாட்டி கேட்டுவிட்டு அசந்துபோனார்.

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன். ஃபினிஷ், ஃபின்னிஷ் இரண்டும் ஒரே பதிவு. ஒருவர் ஒரு முறை சொன்னதை நான் இரண்டு தடவை ஓடவிட்டேன். திரையில் எழுத்தை மட்டும் மாற்றினேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். அந்த இரட்டை எழுத்து தாளில் மட்டும்தான் உண்டு. நமக்கு 'கனம்' வேறு, 'கன்னம்' வேறு. அதனால் தாளில் இரட்டையாகப் பார்த்ததும் காதிலும் இரட்டையாகக் கேட்டுவிடுகிறோம். கண் படித்தது காதுக்குள் போய்விடுகிறது, பிரான்சி. இதுதான் என் ஆராய்ச்சி.

கோம்ப், டெப்ட் எல்லாம் ஏன் என்று கேட்டிருந்தாய். எழுதும்போது இருக்கும், சொல்லும்போது ஒலிக்காது, அப்படி ஓர் எழுத்து உள்ள வார்த்தைகள் அவை. ஆங்கிலேயர்கள் 'கோம்', 'டெட்', 'வென்ஸ்டே' என்றுதான் சொல்வார்கள். நீ அந்த எழுத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தாய். தப்பு என்று சொல்ல வரவில்லை. இரண்டு மொழி தெரிந்த மூளை இப்படித்தான் வேலை செய்யும். இத்தாலிக்காரர்களும் செய்கிறார்கள், ஜப்பான்காரர்களும் செய்கிறார்கள். மனசில் வைத்துக்கொள்ளாதே.

அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு கருத்தரங்கு. முதல் முறையாக இதைப் பற்றிப் பேசப்போகிறேன். எனக்காக உங்கள் மாதாவிடம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

உன்
தர்ஷினி


எடமலைப்பட்டி புதூர், திருச்சி
14 அக்டோபர் 2023

தர்ஷினிக்கு,

நீ நாலைந்து முறை போன் செய்திருந்தாய். எடுக்கவில்லை. வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. எழுதிவிட்டுப் பேசலாம் என்று இருந்தேன். எழுத உட்கார்ந்தால் கோபமாக வருகிறது, கிழித்துப் போடுகிறேன். இது மூன்றாவது.

ஜூலையில் உன் கடிதம் வந்தபின் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். மனசில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தாய், எழுதுவது சுலபம். வகுப்பில் ஒரு வாக்கியத்தை வாசிக்கும்போது, மூன்று வார்த்தைக்கு முன்னாலேயே கண் ஓடிப் போய் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறது. முன்பெல்லாம் வாசித்துக்கொண்டே பின் பெஞ்சில் யார் தூங்குகிறார்கள் என்று பார்ப்பேன். இப்போது புத்தகத்தை விட்டுத் தலை நிமிர்வதில்லை. இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம் கடைசியில், கன்டோன்மென்டில் ஒரு ஹாலில், பல பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. சென்னையிலிருந்து டோனி என்று ஒருவர் வந்திருந்தார். நன்றாகத்தான் பேசினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண் செருகிக்கொண்டிருந்த நேரத்தில், "இப்ப ஒரு காமெடி கேக்கலாமா? தூக்கம் போயிடும். இது நம்ம டிரிச்சியிலயே இருக்குற ஒரு இங்கிலீஷ் டீச்சர். பதினஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்" என்று சொல்லிவிட்டு ஒரு பதிவை ஓடவிட்டார்.

கோம்ப். டெப்ட். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், தர்ஷினி. முதல் இரண்டு வார்த்தைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். நம் குரலை வெளியிலிருந்து கேட்டால் நமக்கே சட்டென்று பிடிபடாதாமே. மூன்றாவது வார்த்தையில் பிடிபட்டது.

பக்கத்தில் இருந்த லூர்துராணி டீச்சர் என் தொடையைத் தொட்டு, "ஏய், இது நீதானே?" என்றார். அவர் சிரிக்கவில்லை. நான் இல்லை என்று சொன்னேன். சொன்ன அந்தக் குரலும் பெட்டியில் ஒலித்த குரலும் ஒன்றுதானே. முன் வரிசையில் எங்கள் பள்ளியின் இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் தாளாளர் பிலோமின்ராஜ் சார் கூப்பிட்டனுப்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். எட்டும் ஒன்பதும் பத்தும் கொஞ்ச நாளைக்கு வேற ஆள் பாக்கட்டும். நீங்க லைப்ரரியும் எக்ஸாம் வேலையும் பாத்துக்கங்க. பேரன்ட்ஸ் காதுக்குப் போச்சுன்னா என்னால பதில் சொல்ல முடியாது" என்றார். நான் "சரிங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆசீரிடம் ராத்திரி சொன்னேன். "விடு பிரான்சி. வெட்னஸ்டேன்னு சொன்னா புதன்கிழமை வராமப் போயிடுமா?" என்றார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். நான் உனக்கு மட்டும் அனுப்பிய பதிவு அந்த மனிதர் கைக்கு எப்படிப் போனது?

பிரான்சி


ஹைதராபாத்
21 அக்டோபர் 2023

என் அருமைப் பிரான்சி,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான்தான் கொடுத்தேன். பெங்களூரில் என் பேச்சு முடிந்ததும் டோனி என்னிடம் வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன், இது மிகவும் உபயோகமாக இருக்கும், திரையில் காட்டியதை அனுப்ப முடியுமா என்று கேட்டார். நம் ஆராய்ச்சியை ஒருவர் மதித்துக் கேட்கிறாரே என்று குளிர்ந்துபோய் அப்படியே அனுப்பிவிட்டேன். அதில் உன் பதிவும் இருந்தது. 'ஆங்கில ஆசிரியை, திருச்சி' என்று கீழே ஒரு வரியும் இருந்தது. பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று நினைத்துவிட்டேன். குரல் என்பதே ஒரு ஆள்தான் என்று, குரலையே படிப்பாகப் படிக்கிற எனக்குத் தோன்றவில்லை பார்.

டோனியிடம் சண்டை போட்டேன். மன்னிப்புக் கேட்டார், இனி அந்தப் பதிவை எங்கும் ஓடவிடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னால் முடிந்த இன்னொன்றையும் செய்துவிட்டேன். உங்கள் தாளாளருக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதி நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். இது பிழை அல்ல, இதை வைத்து ஓர் ஆசிரியரை எடைபோடக் கூடாது, உலகத்தில் எங்கெங்கே இப்படி நடக்கிறது என்றெல்லாம் ஆதாரத்தோடு எழுதியிருக்கிறேன். படித்தவர்தானே, புரிந்துகொள்வார். உன் வகுப்பு உனக்குத் திரும்பக் கிடைக்கும்.

போனை எடு பிரான்சி. ஒரே ஒரு தடவை. திட்டுவதற்காகவாவது எடு.

உன்
தர்ஷினி


எடமலைப்பட்டி புதூர், திருச்சி
18 நவம்பர் 2023

தர்ஷினிக்கு,

உன் கடிதம் பள்ளிக்கு வந்தது. ஆங்கிலத்தில் நாலு பக்கம். பிலோமின்ராஜ் சாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெரிய ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரை போட்ட தாள் அல்லவா! ஆசிரியர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் முழுவதையும் சத்தமாக வாசித்தார். நல்ல எண்ணத்தில்தான் வாசித்தார். நீயும் நல்ல எண்ணத்தில்தான் எழுதினாய். அதுவரை பள்ளியில் நாலு பேருக்குத்தான் தெரியும். இப்போது வாட்ச்மேன் வரை தெரியும்.

அதில் ஒரு வரி வந்தது. 'ஆங்கிலத்தைக் காதால் கேட்டு வளராமல், அச்சில் பார்த்து மட்டுமே கற்றவர்களிடம் இது சகஜம்.' அப்போது கணக்கு டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சிரித்தவர்களைக்கூட எனக்கு மறந்துவிடும். இந்தப் பார்வை மறக்காது.

உண்மைதான், தர்ஷினி. தொட்டியத்தில் எங்கள் தெருவில் ஆங்கிலம் பேச யார் இருந்தார்கள்? அப்பா வாழைத்தார் மண்டியிலிருந்து கொண்டுவரும் பழைய ஆங்கிலப் பேப்பரை நீவி நீவி விரித்து வைத்து, ஒவ்வோர் எழுத்தாக நானே வாயில் போட்டுப் பார்த்துக் கற்றது அது. எழுதியிருப்பதில் ஒரு எழுத்தையும் விடாமல் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். யாரும் கற்றுக்கொடுக்காமல் வந்தேன் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. நீ அதை ஒரு வரியில் நோயின் காரணம் மாதிரி எழுதிவிட்டாய்.

போன் வேண்டாம். நீ நான் சொல்வதைக் கேட்பாயா, சொல்கிற விதத்தைக் கேட்பாயா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. எழுத்தில் எனக்கு உச்சரிப்பு இல்லை. இங்கேயே இருந்துகொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கல்லூரியில் முதல் மாதம், நான் எழுந்து பாடம் வாசித்தபோது வகுப்பே சிரித்ததே, நினைவிருக்கிறதா? நீ ஒருத்தி சிரிக்கவில்லை. அதனால்தான் மறுநாள் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

பெங்களூரில் என் பதிவு ஓடியபோது அவர்கள் சிரித்தார்களா? அவர்கள் சிரித்தபோது நீ என்ன செய்தாய்?

பிரான்சி


ஸ்ரீரங்கம்
2 ஜனவரி 2024

என் பிரான்சி,

நாளை காலை ரயில். அதற்குள் உனக்கு ஒரு வரி எழுதாமல் கிளம்ப மனசில்லை.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் அம்மாவை அழைத்துப் போய் வந்ததிலேயே நான் பாதியாகிவிட்டேன். ஆனாலும் நாளை நாளை என்று தள்ளிப்போடாமல், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு உன் வீட்டுப் படியேறினேனே, அதற்கு என்னை நானே தட்டிக்கொடுக்க வேண்டும். கதவை மூடிவிடுவாயோ என்று பயந்துகொண்டுதான் வந்தேன். நீ "வா, உட்கார்" என்றாய். எனக்கு உயிர் வந்தது.

உன் கையால் காபி, கிறிஸ்துமஸுக்குச் செய்த கல்கல் இனிப்பு, நெய் முறுக்கு. நீ கொஞ்சம் மெதுவாகத்தான் பேசினாய். ஆனால் எவ்வளவு நல்ல தமிழ், பிரான்சி! 'பேருந்து' என்றாய், 'தொடர்வண்டி' என்றாய், பள்ளி நூலகத்தைப் பற்றி நிதானமாகச் சொன்னாய். கோபத்தில் இருக்கிறவர்கள் இப்படி அழகாகப் பேச மாட்டார்கள். கேட்கக் கேட்க எனக்குள் இருந்த பாரம் இறங்கிவிட்டது. ஆசீர் அண்ணன்கூட உன்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பழையதை நானும் கிளறவில்லை, நீயும் கிளறவில்லை. அதுதான் நல்லது. ஆராய்ச்சியில் முப்பது பேர் பதிவு இருக்கிறது. ஒருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று என் வழிகாட்டியும் சொல்கிறார். இனி உன் பதிவை எங்கும் ஓடவிடமாட்டேன்.

அம்மா உனக்குக் கோயில் பிரசாதம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்.

நிம்மதியோடு,
தர்ஷினி


எடமலைப்பட்டி புதூர், திருச்சி
22 ஜூன் 2024

தேவதர்ஷினிக்கு,

ஜனவரியில் எழுதிய கடிதத்துக்கு ஜூனில் பதில் எழுதுகிறேன். இடையில் நீ எழுதிய இரண்டு கார்டுகளும் கிடைத்தன. பதில் எழுதாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நீ நிம்மதியாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அதை அப்படியே விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை.

நீ வந்து உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நான் ஓர் ஆங்கில வார்த்தையும் சொல்லவில்லை. கவனித்திருக்கிறாய், நல்ல தமிழ் என்று பாராட்டியும் இருக்கிறாய். அது நல்ல தமிழ் இல்லை. பயம். உன் எதிரில் 'பஸ்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் உள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்து, வழியில் ஆங்கிலம் ஏதாவது கிடக்கிறதா என்று பெருக்கித் தள்ளிவிட்டு வெளியே விட்டேன். அதனால்தான் மெதுவாக வந்தது. நீ போனதும் ஆசீர், "என்ன பிரான்சி, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுன?" என்று கேட்டார். அவர் சிரித்தது அதற்குத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி டம்ளர்களை அவரே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

நாம் இருவரும் கல்லூரி நாட்களில், இதே சத்திரம் பஸ் ஸ்டாண்டில், வாய்க்கு வந்த இங்கிலீஷையெல்லாம் பேசித் திரிந்தவர்கள். அன்று நீ இந்தத் தமிழைக் கேட்டுக்கொண்டு என் எதிரில் ஒரு மணி நேரம் இருந்தாய். உனக்கு வித்தியாசம் தெரியவில்லை. காதுதான் உன் படிப்பு.

பள்ளியில், எனக்குப் பதிலாக வந்த பெண் கல்யாணமாகி கோவைக்குப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் ஒன்பதாம் வகுப்பை மறுபடி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். உன் நாலு பக்கத்துக்காக இல்லை. பரவாயில்லை, வகுப்பு வகுப்புதான்.

முதல் பாடத்திலேயே மலை ஏறுகிற கதை. 'ஏறு' என்பதற்கான அந்த வார்த்தை இரண்டாவது வரியில் நிற்கிறது, கடைசியில் ஒலிக்காத 'பி'யோடு. போன வருஷத் தொடக்கத்தில், எட்டாம் வகுப்பில் இதே பிள்ளைகளுக்கு 'க்ளைம்ப்' என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று 'க்ளைம்' என்றேன். ஒரு பெண் எழுந்து, "மிஸ், போன வருஷம் வேற மாதிரி சொன்னீங்களே, எது மிஸ் சரி?" என்றாள். "இதுல 'பி' ஒலிக்காதும்மா. நான் இத்தனை நாள் ஒலிச்சுத்தான் சொல்லிட்டு இருந்தேன்" என்றேன். "ஓ" என்று உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. எதற்காக ஒரு வருஷம் நடுங்கினேன் என்று இருந்தது.

ஆனால் அந்த வார்த்தைக்கு முன்னால் நான் ஒரு கணம் நின்றேன். அடுத்த வார்த்தைக்கும் நின்றேன். இப்போது சரியாகச் சொல்கிறேன், நின்று நின்று சொல்கிறேன். தொட்டியத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சத்தம் போட்டு வாசித்தவள் ஒரு இடத்திலும் நின்றதில்லை. இனி அந்தக் கணம் என்னோடு இருக்கும். சரியாகச் சொல்லத் தெரிந்தது உன்னால்தான், அதை மறுக்க மாட்டேன். நிற்பதும் உன்னால்தான்.

பெங்களூரில் அவர்கள் சிரித்தபோது நீ என்ன செய்தாய் என்று கேட்டிருந்தேன். நீ அதற்குப் பிறகு எழுதிய எதிலும் பதில் இல்லை. நேரில் வந்தபோதும் சொல்லவில்லை. பழையதைக் கிளற வேண்டாம் என்று எழுதினாய். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தேன். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று இருக்கிறது. விலகிக்கொள்கிறேன். என் பதிவை எங்கெங்கே வைத்திருக்கிறாயோ அங்கெல்லாம் அழித்துவிடு. முப்பது பேரில் ஒருத்தி குறைவதால் உன் ஆராய்ச்சிக்கு ஒன்றும் ஆகாது.

அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. இடது கண்ணில் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். நமக்குள் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். "தர்ஷினி போன் பண்ணாளா?" என்று கேட்பார்கள். பண்ணினாள் என்று சொல்கிறேன்.

நீ ஊருக்கு வரும் தேதிகளை மட்டும் முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடு. அந்த நாட்களில் நான் ஸ்ரீரங்கம் பக்கம் போக மாட்டேன்.

அ. பிரான்சி